நறுமுகையின் பாவாடை

“மூஞ்சியே பாக்காதவங்க காசு குடுப்பாங்கன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?”

மகள் ஒருமுறை அப்படிக் கேட்டது உண்டு. அப்போது அவளுக்கு ஆறு வயது.

அம்மாக்காரி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தெரியாதுடி, நம்பித்தான் தைக்கிறது என்று சொல்லிவிட்டு மிதித்தாள்.

குழந்தைகளுக்குப் பட்டுப் பாவாடை தைத்து வாட்ஸப்பில் விற்கிறாள். கடைக்குக் குலதெய்வத்தின் பெயர். பேச்சியம்மன் தையலகம்.

பணம் கட்டுவதற்கு க்யூஆர் கோடு ஒன்றைப் படமாக அனுப்புவாள். கூடவே, குறிப்பில் குழந்தையின் பெயரையும் போடச் சொல்வாள். எந்தப் பணம் எந்தப் பாவாடைக்கு என்று அப்போதுதான் பிடிபடும்.

இந்த முறை பிடிபடவில்லை.

கரூரில் கொசுவலைக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண், பூங்கோதை. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மகள் நறுமுகைக்குக் காதுகுத்து. அரக்குப் பட்டில் ஒரு பாவாடை கேட்டிருந்தாள். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்லி, ரசீதின் படத்தையும் அனுப்பினாள்.

படத்தில் பேச்சியம்மன் என்றுதான் இருந்தது. பெயரின் மீதி திரையில் வெட்டுப்பட்டிருந்தது.

வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

ஞாயிறு முழுக்கப் பொறுத்தாள்.

பொய் ரசீது போடுகிறவர்களைப் பற்றி, கூட விற்கிற பெண்கள் கதைகதையாகச் சொல்லியிருந்தார்கள். ஏமாறுவதற்கென்றே நீ கடை திறந்திருக்கிறாய் என்று ஒருத்தி கேலியும் செய்தாள். அதுதான் சுட்டது.

பிள்ளையின் காதுகுத்துக்குக்கூடவா பொய் ரசீது என்று பூங்கோதைக்கு எழுதினாள்.

பதில் குரலாக வந்தது. பின்னால் இயந்திரங்களின் இரைச்சல்.

“அக்கா, பணம் அனுப்பிட்டேனுங்க. பாப்பா பேருகூடப் போட்டிருக்கேனுங்க. கொஞ்சம் பாருங்க.”

அவள் பார்க்கவில்லை. எண்ணை பிளாக் செய்தாள்.

ஓரம் அடிக்க மட்டுமே மீதமிருந்த பாவாடையைச் சுருட்டி ஒதுக்கி வைத்தாள். அதே அளவுக்கு வேறொருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கே அனுப்பிவிடலாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் பேச்சியம்மன் கோயிலுக்குப் போனாள். முறையிடத்தான் போனாள்.

பூசாரி கற்பூரத் தட்டை உயர்த்தினார்.

அம்மன் புதுப் பாவாடையில் இருந்தாள்.

இலைப் பச்சை. மடிப்பு இன்னும் கலையவில்லை. அந்தச் சின்னக் கல்லுடம்பு, மாமன் மடியில் காது குத்திக்கொள்ள உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் போல இருந்தது.

மண்டபத்துத் தூணில் கரும்பலகை. யார் என்ன உபயம் என்று அன்றன்றைக்கு எழுதிப் போடுவது இந்தக் கோயிலின் வழக்கம்.

சாக்பீஸில் ஒரே வரி.

பாவாடை உபயம்: நறுமுகை.

கோயில் கணக்கைப் பார்க்கும் சுடலைமுத்து, திருநீற்றைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். அது யார் என்று அவரிடம் கேட்டாள்.

“யாருன்னு தெரியல தாயி. உண்டியல்ல ஒட்டியிருக்கே க்யூஆர் கோடு, அதுல பணம் விழுந்திருக்கு. ‘நறுமுகை பாவாடை’ன்னு மட்டும் எழுதியிருந்தது. எந்த ஊர்ப் பிள்ளையோ ஆத்தாளுக்குப் பாவாடை நேர்ந்திருக்குன்னு, நாங்களே எடுத்துச் சாத்திட்டோம்.”

அவள் போனைத் திறந்தாள்.

கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காணிக்கை செலுத்துவதற்காக உண்டியலின் க்யூஆர் கோடை அவளேதான் ஆடி மாதம் படம் பிடித்து வைத்திருந்தாள். அதன் தலையில் அம்மன் படம். கடையின் க்யூஆர் கோடு அட்டையிலும் அதே அம்மன் படம். இரண்டையும் அடித்துக் கொடுத்தது ஒரே அச்சகம்.

பூங்கோதைக்கு அவள் அனுப்பியிருந்தது உண்டியலை.

நிமிர்ந்து சந்நிதியைப் பார்த்தாள். கைகூப்பக்கூட மறந்துபோயிற்று.

எங்கோ இரைச்சலுக்கு நடுவில் நின்று ஒருத்தி சம்பாதித்த காசு. வசவு வாங்கிய காசு. அது யாரிடமும் வழி கேட்காமல் வந்து அம்மனின் இடுப்பில் ஏறியிருக்கிறது. தீபம் அசையும்போதெல்லாம் அதன் சரிகை எரிந்து அடங்கியது.

இங்கே குற்றம் சொல்ல வந்தவள் அவள். அம்மன் அந்தப் பெண்ணின் பாவாடையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெரிஞ்ச பிள்ளையா என்று சுடலைமுத்து கேட்டார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அந்தப் பணம் தன்னுடையது என்று அவரிடம் சொல்ல நா வரவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

வீடு திரும்பியதும் பிளாக்கை எடுத்தாள். நடந்ததையெல்லாம் எழுதினாள். படித்துப் பார்த்து அழித்தாள். மறுபடி எழுதினாள்.

“பணம் சேந்துருச்சு தங்கச்சி. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். பேசினதை மன்னிச்சிரு. காதுகுத்துக்கு முன்னாடி பாவாடை வந்துரும்.”

பூங்கோதை கோபமாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள்.

சரிங்க அக்கா, நீங்களும் விசேஷத்துக்கு வாங்க என்று வந்தது.

வீட்டில் யாரும் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில்.

அரக்குப் பாவாடையை மிஷின்மேல் விரித்தாள். நல்ல விலைக்குப் போகும் என்று பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த சரிகைக் கரைத் துணியை எடுத்தாள். அதைப் பாவாடையின் கீழ் ஓரத்தில் சேர்த்துத் தைத்தாள். சேர்த்த துணி முழுவதையும் ஒன்றன்மேல் ஒன்றாக உள்பக்கம் மடித்தாள். பிள்ளை வளர வளரப் பிரித்து இறக்க எளிதாக, நீள நீளமான தையல் போட்டாள். தையல் வெளியே தெரியாதபடி ஊசியை மெல்லச் செலுத்தினாள்.

கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

வெளியே, ஒரு வயதுப் பிள்ளைக்கான பாவாடை.

உள்ளே, நறுமுகை பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் இருந்தது.