கனகாவின் அணையாத் திரை

“கனகா, ஆபீசே சாப்பிடப் போனாலும் உன் ஸ்கிரீன் மட்டும் அணைய மாட்டேங்குது. என்ன வித்தை பண்ணி வெச்சிருக்கே?”

மானேஜர் சேகரன் கேட்டதும் கனகா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். ஹெப்பாளில் இருக்கும் அந்த ஊதுவத்தி கம்பெனியில் அவள் கணக்கு எழுதச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

எல்லாம் அவர் போட்ட சட்டத்தால் வந்த வினை. ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் ஆபீசில் எல்லாக் கம்ப்யூட்டர் திரையும் தானாக அணைந்துவிட வேண்டும். கேபினில் இருந்தபடியே யார் வேலை பார்க்கிறார்கள், யார் அரட்டை அடிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். சட்டம் என்றால் தனக்கும்தான் என்று பெருந்தன்மையாகத் தன் கம்ப்யூட்டரையும் அதில் சேர்த்துக்கொண்டார். அவருக்கென்ன கவலை? மனுஷன் மவுஸிலிருந்து கையையே எடுக்க மாட்டார். கண்ணாடி வழியாக எப்போது எட்டிப் பார்த்தாலும் உருட்டிக்கொண்டேதான் இருப்பார்.

கேபினை ஒட்டியிருந்த கனகாவின் மேஜையில் மட்டும் சட்டம் செல்லவில்லை. நாற்காலி காலியாக இருந்தாலும் திரை பளிச்சென்று எரிந்தது. வேலை செய்வதாக நடிக்க அவள் ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறாள் என்று மானேஜர் முடிவே கட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் கவின்ராஜ் வந்தான். அவனும் கனகாவைப் போல ஹனூர்ப் பக்கத்துக்காரன். செட்டிங்கை எல்லாம் சரிபார்த்துவிட்டுக் காத்திருந்தான். மானேஜரும் எழுந்து வந்து பின்னால் நின்றார். ஐந்து நிமிடத்தில் திரை சமர்த்தாக அணைந்தது.

“நான் வந்து நின்னா அணையுது. அப்போ இத்தனை நாளும் இவதான் ஏதோ பண்ணியிருக்கா. ஆய்த்து, இனி பேச்சே இல்லை.”

மானேஜர் பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகச் சொல்லிவிட்டுக் கேபினுக்குப் போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததுதான் தாமதம், திரை மறுபடி எரிந்தது.

கவின்ராஜ் அவள் மவுஸையே பிடுங்கிப் போட்டுப் பார்த்தான். திரை அசரவில்லை. கனகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கணக்கு போட அவளுக்குக் கீபோர்டே போதும், மவுஸைத் தொடுவதுகூட இல்லை என்று அவனிடம் புலம்பினாள். மானேஜர் வெளியூர் போயிருந்த இரண்டு நாளும் இந்தத் திரை ஒழுங்காக அணைந்தது என்றும் சொன்னாள்.

“இந்தக் கூத்து எப்ப இருந்துங்கக்கா?”

“ஆயுத பூஜையில இருந்துதான் தம்பி.”

அன்றைக்கு ஆபீசில் இருந்த கீபோர்டு, மவுஸ் அத்தனையையும் கழற்றித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமுண்டி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பூஜை முடிந்ததும் கடலைப்பொரி வாங்கும் அவசரத்தில் ஆளாளுக்குக் கைக்கு வந்ததை எடுத்து மாட்டினார்கள்.

அதைக் கேட்டதும் கவின்ராஜ் மேஜைக்கு அடியில் புகுந்தான். கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து நகத்தளவு சாமான் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். அதில் குங்குமம் காய்ந்திருந்தது.

“இது வயர் இல்லாத மவுஸோட ரிசீவருங்கக்கா. யாரோ மவுஸை உருட்ட உருட்ட உங்க ஸ்கிரீன் முழிச்சிட்டே இருந்திருக்குது.”

ஆபீசில் வயர் இல்லாத மவுஸ் ஒன்றே ஒன்றுதான் உண்டு. கனகா கேபினைப் பார்த்தாள். அழுகை போன இடம் தெரியவில்லை. அந்தச் சாமானை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நேரே உள்ளே போனாள்.

“சார், உங்க மவுஸ் நல்லா வேலை செய்யுதுங்களா?”

“அதுக்கென்ன கேடு? பூஜை அன்னிலேர்ந்து இதை வெச்சுத்தான் மாடு மாதிரி உழைக்கிறேன். இப்பகூட அர்ஜென்ட்டா ஒரு ரிப்போர்ட் பாத்துக்கிட்டிருக்கேன். சும்னே தொந்தரவு பண்ணாதே.”

கை மவுஸை உருட்டிக்கொண்டே இருந்தது. கனகா மேஜையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போய், குங்குமப் பொட்டோடு அந்த ரிசீவரை அவர் முன்னால் வைத்தாள். அவர் அவ்வளவு மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்த திரை, கன்னங்கரேலென்று அணைந்து கிடந்தது.