ஆட்டப் பொருத்தம்

ஜாதகம் பார்ப்பதை விட்டு, பெண் பார்க்கும் அன்றே ஆட்டப் பொருத்தம் பார்க்கும் காலம் வந்துவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் அவரவர் வீடியோ கேம் கருவியில் கார்ப் பந்தயம் ஓட்ட வேண்டும். தோற்றவர் தன் கருவியைத் தலைமுழுகிவிட வேண்டும்.

பொள்ளாச்சியில் இளவேனியைப் பார்க்க வந்த நிதிலன், பட்டன் வைத்த அவளது பழைய கன்சோலைப் பார்த்துவிட்டுத் தன் போனை எடுத்துக் காட்டினான்.

"இன்னுமுங் கன்சோலுங்களா? இது தொட்டாலே பறக்குமுங்க!"

சிறு வயதிலிருந்து இளவேனியோடு வளர்ந்த கன்சோல் அது. நிதிலனோ தோற்றதே இல்லையாம். அவள் சமையலறைக்குப் போய், எண்ணெய் வடிக்காத பஜ்ஜியைத் தட்டு நிறைய அள்ளி வந்து நீட்டினாள்.

மாப்பிள்ளை மறுக்க முடியுமா? வாங்கித் தின்றான். கை கழுவ எழுந்தவனை, எமகண்டம் வருவதற்குள் ஆடச் சொல்லி அவன் மாமா உட்கார வைத்தார். ஜாதகம் ஒழிந்தாலும் எமகண்டம் ஒழியவில்லை.

முதல் வளைவிலேயே அவன் விரல் திரையில் வழுக்கியது. கார் குளத்துக்குள் பாய்ந்தது. இளவேனி பட்டனை அழுத்தி ஜெயித்தாள்.

நிதிலன் எண்ணெய் மினுங்கும் தன் விரலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"பஜ்ஜி சுட்டது யாருங்க?"

"நானேதானுங்க."

"அப்ப எனக்குச் சம்மதமுங்க."

அவளுக்கும் அப்போதுதான் அவனைப் பிடித்தது. பெண்ணின் கைப்பக்குவத்தில் மகன் மயங்கிவிட்டான் என்று அவன் அம்மா பூரித்துப்போனாள்.