கிரகணம் விடுமுன்

இடுப்பைப் பிய்த்துக்கொண்டு வலி வந்தது. வாசல் படலையில் சரீப்பின் வாடகைக் கார் உறுமிக்கொண்டு நின்றது. அம்மாவோ அறை வாசலில் கையை விரித்து மறித்தபடி நின்றார்.

சூரிய கிரகணம். அது விடும்வரை பிள்ளைத்தாச்சி வெளியே வரக்கூடாதாம்.

விட்டதா என்று பார்க்க வானமெங்கும் முகில். அம்மாவுக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. விறாந்தையில் தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தி வைத்திருந்தார். கிரகணம் பிடித்திருக்கும்வரை அது நிற்கும், விட்டதும் தானாக விழும். அதுதான் அவருடைய கணக்கு.

என் கணவர் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிப்பவர். கிரகணத்தில் வானத்து வெளிச்சத்தை அளக்கவென்று ஒரு கருவியோடு எங்கள் ஊரான நெளுக்குளத்துக்கு வந்தவர், முகிலை அண்ணாந்து பார்ப்பதும் முற்றத்தில் நடப்பதுமாக இருந்தார்.

"எப்ப தம்பி விடும்?" என்று அம்மா கேட்டார்.

இவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு, மாமி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் செம்பைத் தூக்கி எறிந்திருப்பேன். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே காரில் ஏறியிருக்கலாம். படித்த மனுஷனுக்கு அந்தப் புத்தி வரவில்லை.

அடுத்த வலியில் நான் போட்ட கூச்சலில் இவர் கருவியைப் போட்டுவிட்டு விறாந்தைக்கு ஓடிவந்தார். கால் உலக்கையை நோக்கிப் போனது. இப்போதாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன்.

அம்மா முந்திக்கொண்டார். காலால் ஒரு தட்டு. தண்ணீர் சிந்த, உலக்கை சாய்ந்து உருண்டது.

"விழுந்திட்டுது. ஏத்துங்கோ."

காரில் அம்மா தன் சேலைத் தலைப்பால் என் வயிற்றைப் போர்த்தி, அதன்மேல் கவிழ்ந்துகொண்டார். புழுக்கத்தில் எனக்கு மூச்சு முட்டியது. முன்னால் இருந்த இவர் திரும்பிச் சிரித்தார். "அதுதான் விழுந்திட்டுதே, இனி ஏன் மாமி மூடுறியள்?"

"நீங்கள்தானே தம்பி சொன்னியள், இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கு எண்டு. உலக்கையை விழுத்தினது நான். அந்தப் பழி என்னோடை போகட்டும்."

இவருடைய சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரி வரும்வரை மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெண் பிள்ளை. தாதி துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது அம்மா கை நீட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "சொண்டு பிளந்திருக்கோ எண்டு நீங்கள் பாருங்கோ, தம்பி" என்றார்.

உதட்டில் ஒரு குறையும் இல்லை என்று இவர் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா விம்மி அழுதார்.

அடுத்த வருடம் இவர் பௌதிகத்தை விட்டார். இனி விஞ்ஞானத்தின் வரலாற்றைத்தான் ஆராயப்போகிறேன் என்றார். இன்று அந்தத் துறையில் இவருக்கு நல்ல பெயர். ஏன் மாறினீர்கள் என்று கேட்பவர்களுக்குக் கிரேக்கத்தில் தொடங்கி நீட்டி முழக்கி விளக்கம் சொல்வார்.

அன்று ஆஸ்பத்திரியில் பிள்ளையின் முகத்துத் துணியை விலக்குமுன் இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டதைக் கட்டிலில் கிடந்தபடி நான் பார்த்தேன்.