ஒரே ஒரு வெற்று வட்டம்

கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டை நஸ்ரின் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பச்சைக்குழந்தையின் ரத்தத்தில் இருந்த கிருமி, ஆய்வகத்தில் அவள் அந்தத் தட்டில் வைத்த வெவ்வேறு மருந்து வில்லைகளை எல்லாம் வெள்ளையாக மொய்த்துப் படர்ந்திருந்தது. ஒன்றைச் சுற்றி மட்டும் பளிச்சென்று வெற்று வட்டம்! கிருமிக்குள் புரதம் கோக்கும் ரைபோசோமில் போய் அடைத்துக்கொண்டு, அதைப் பெருகவிடாமல் நிறுத்தும் மருந்து அது.

"டாக்டர், ஒரு மருந்துக்குக் கேக்குது!" என்று குழந்தை இருந்த வார்டுக்கு போன் போட்டுக் கத்தினாள்.

"போட்றலாமா மேடம்?"

"உடனே போடுங்க!"

அங்கே யாரோ ஓடும் சத்தம் கேட்டது. நஸ்ரின் சிரித்துக்கொண்டே வட்டத்தை இன்னொரு தரம் பார்த்தாள். உள்ளே ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. மூடியில் ஒட்டிய தூசி என்று துப்பட்டா நுனியால் அழுத்தித் துடைத்தாள். மூடி பளபளத்தது. புள்ளி அங்கேயே இருந்தது, அந்த மருந்துக்கும் அடங்காமல் முளைத்த கிருமி.

"ஏத்த ஆரம்பிச்சாச்சு மேடம்!" என்றார் டாக்டர்.