சனிக்கிழமைக் கையெழுத்து

"தவக்காலம் துவங்கேக்கை வாடி எரிஞ்சது. பாஸ்குத் திருநாள் முடிஞ்ச பிறகுதான் பொலிசிலை முறைப்பாடு. அதுவரைக்கும் என்ன செய்தனீர்? நெருப்பு ஆறட்டும் எண்டு இருந்தனீரோ?"

நீதிமன்றமே சிரித்தது. யாகப்பருக்காக வழக்குப் பேச வந்த பிரக்கிராசியாரும் தன் கேள்வியைத் தானே ரசித்தார்.

மார்த்தா சாட்சிக் கூண்டின் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். தாழ்வுபாட்டுக் கிராமத்துக்கு அப்பாலிருந்து நடந்து வரும்போது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். கேள்விகள் அந்த வரிசையில் வரவில்லை.

கேட்ட பாரைக் கருவாட்டைச் சும்மா கொடுக்கவில்லை என்று யாகப்பர் அவளுடைய கருவாட்டு வாடிக் கொட்டிலைக் கொளுத்தியிருந்தார். மிஞ்சியது வள்ளம் ஒன்றுதான். காவலிலிருந்து வெளியே வந்தால் அதற்கும் நெருப்பு என்று சொல்லியனுப்பியிருந்தார். அவருக்குப் பிணை கிடைக்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"ஊர் விதானையிட்டைப் போனனீரோ?"

"ஒவ்வொரு நாளும் போனனான், ஐயா."

"அவர் முறைப்பாட்டை எழுதினவரோ?"

"இல்லை. ஆனால் அந்த விதானை..."

"கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும்!" மொழிபெயர்க்க நின்ற துபாசியார் அதட்டினார்.

பிரக்கிராசியார் கைகளை விரித்தார். "ஊரைக் கரைச்சுக் குடிச்ச விதானையே எழுதாத கதை, துரை அவர்களே!"

புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்கார நீதவான் தலையாட்டினார். அரசாங்கம் நம்பி ஊருக்குத் தலைவராக வைத்த விதானை காரணமில்லாமல் எழுதாமல் விடுவாரா? பிந்திய முறைப்பாட்டை எப்படி நம்புவது? பிணை கொடுத்தார். யாகப்பர் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த விதானை முன்னிலையில் கையெழுத்து வைக்க வேண்டும். மார்த்தாவின் வள்ளத்துக்கும் அந்த விதானையே பாதுகாப்பு.

"ஐயோ துரை!" என்றாள் மார்த்தா. துபாசியார் அதை மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காத சத்தம் இந்த அறையில் வெறும் இருமல்தான் என்று அவளுக்கு விளங்கியது.

"விதானையாரைத் தெரியுந்தானே எண்டு துரை கேக்கிறார்," துபாசியார் யாகப்பரைப் பார்த்தார்.

"ஓம். சின்ன வயசிலையிருந்து நல்ல பழக்கம்," என்றார் யாகப்பர், வெகு பணிவாக.

வெளியே பெருக்க மரத்தடியில், பிணை நின்றவன் பித்தளைப் பொத்தான் வைத்த விதானைக் கோட்டுச் சட்டையை விரித்துப் பிடித்தான். யாகப்பர் ஆறுதலாகக் கைகளை நுழைத்துப் பொத்தான்களைப் பூட்டினார்.

"சனிக்கிழமை என்ரை கந்தோருக்கு ஒரு கண்ணாடி கொண்டு வா, மார்த்தா. நான் விதானைக்கு முன்னாலையெல்லோ கையெழுத்து வைக்கவேணும்!"