எழுபது வளைவுக்குப் பிரேக்

"மிதி பழனாயி… விடாம அமுக்கிப் புடி!"

மலைமேல் வாழவந்தி நாட்டில், தன் வீட்டு வாசலில், பழைய அம்பாசிடருக்கு அடியில் படுத்திருந்தார் அர்த்தநாரி. குழாயில் பிரேக் ஆயிலோடு வந்த காற்றுக் குமிழிகள் ஒருவழியாக நின்றன.

"பெடல் இப்பக் கல்லாட்டம் நிக்குதுங்க," என்றாள் டிரைவர் சீட்டில் இருந்த மனைவி.

"நிக்கோணும். நாளைக்குக் கோர்ட்டுக்கு எழுபது வளைவு எறங்கோணுமே."

"நமக்கு பஸ்ஸு அஞ்சரைக்குங்களா?"

"ஆமா."

அவளுக்குப் பொறுக்கவில்லை; சீட்டிலிருந்து இறங்கி வந்தாள். "ஏனுங்க, வெள்ளாமைக் காடு நம்முதில்லைன்னு கேஸ் போட்ட சசிகுமாரு வண்டிக்கா காலையிலிருந்து இந்தப் பாடு?"

"மெக்கானிக்குன்னு நம்பி வுட்டுட்டுப் போயிருக்கான். கோர்ட்டுல தோக்கட்டும், பழனாயி. வளைவுல தோக்கக் கூடாது."

அவள் மறுபடி சீட்டில் ஏறினாள்.

"இன்னொருக்கா மிதிக்கறேன், நல்லாப் பாருங்க."