ஆதி மனிதன் சாப்பாடு

“ஆதி மனுசன் சோறா தின்னான்? உடம்பப் பாருங்க, பாறையாட்டம்!” ரமணி டிவியைக் காட்டினாள். சடைமுடியும் தாடியுமாக ஒருவன் பச்சைக் கறியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

இந்த நிகழ்ச்சி வந்ததிலிருந்து வீட்டில் சோறு கிடையாது. கணவர் சுகுமாரனுக்கு அவித்த கிழங்கும் கீரையும்தான்.

“அவன் பின்னால தேயிலை தெரியுதே, கற்காலத்துல எந்தத் துரை நட்டான்? எல்லாம் புளுகு!”

“நம்ம பொண்ணு ஷர்மினி கட்டிக்க ஆசப்படுற பையன் வர்ற நேரம். வாய மூடுங்க.”

“என்ன வேலைன்னே சொல்லாதவனுக்குப் பொண்ணு கிடையாது.”

யோகேஸ் வந்தான். மொட்டைத்தலை, மழித்த முகம். தட்டில் கிழங்கைக் கண்டதும் முகம் வாடியது.

“ஆன்ட்டி, சோறு இல்லியா?”

“சோறு தின்னா அந்த ஆளு மாதிரி ஆக முடியுமா தம்பி?” ரமணி மறுபடி டிவியைக் காட்டினாள்.

யோகேஸ் நெளிந்தான். “ஆன்ட்டி, அது நான்தான் லா. நடிக்கிறதுதான் என் வேலை. அது ஒட்டுத்தாடி. கடிச்சது பீட்ரூட். நம்ம தானா ராத்தா தேயிலைத் தோட்டத்துலதான் எடுத்தாங்க. முடிஞ்சதும் மூணு பொட்டலம் நாசி லெமாக், அதான் தேங்காப்பால் சோறு, தின்னேன்.”

ரமணி டிவியை அணைத்தாள். சுகுமாரன் எழுந்து வந்து யோகேஸின் தோளைத் தட்டினார்.

“டிவியில புளுகினாலும் என் வீட்டுல உண்மையச் சொல்லிட்ட. ரமணி, மாப்பிள்ளைக்குச் சோறு வடி. எனக்கும் சேத்து வடி. அப்புறம் கல்யாணத்துக்கு நாள் பாக்கலாம்!”